நாற்பத்தோராவது லாரி

நூலகம் என்று தமிழில் சொன்னால்
டீக்கடைக்காரர் செங்கோட்டைக்கு வழி சொல்கிறார்,
திங்கட்கிழமை பூட்டியிருக்கும் என்கிறார்.
நான் சொல்வது வேறு.
அலமாரி கிடையாது. பதினொரு எம்பி.
எங்கோ யாரோ எழுதி
எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்தது.
தாளைத் திரையில் வரைந்து காட்டும்.
படிக்கத் தெரியாது.

நடைச்சீட்டு என்று நாம் திறக்கும் கோப்புக்குள்
நடையும் இல்லை, சீட்டும் இல்லை.
இடமிருந்து எழுபத்திரண்டு, கீழிருந்து அறுநூறு,
அங்கே ஐம்பத்தேழாம் வடிவத்தை வை.
கொஞ்சம் தள்ளிப் பதின்மூன்றாவதை வை.
இப்படியே பக்கம் முழுக்க.
என்ன பேசினோம் என்பதை மறந்து
எங்கே நின்றோம் என்பதை மட்டும்
நினைவில் வைத்திருக்கும் ஒருவரைப் போல.

அதை என் செயலிக்குள் குடிவைத்தேன்.
வந்த அன்றே சம்பந்தி வீட்டார் மாதிரி
ஆயிரம் கேட்டது:
எந்தச் சிப்பு, எத்தனை பிட்,
எழுத்துரு எங்கே,
எங்கள் பெயரை எந்த இடத்தில் போடுவாய்.
போட்டேன்.
'செயலியைப் பற்றி' பக்கத்தின் அடியில்,
ஒரு விரலும் போகாத ஆழத்தில்.

தென்காசி அலுவலகத்தில் எல்லாம் சரியாக இருந்தது.
மூன்று கோப்பு, மூன்று பக்கம், மின்விசிறி.

ஆரியங்காவில் மழை.
எம்சாண்ட் லாரிகள் வளைவுக்குக் கீழேவரை நின்றன.
ஷிபுலால் சார் கைப்பேசியைச் சட்டையில் துடைத்து
முதல் சீட்டைத் திறந்தார்.
அச்சான எழுத்தெல்லாம் அச்சுப்பிசகாமல் வந்தது.
குவாரிக்காரன் கையால் நிரப்பிய கட்டத்தில் மட்டும்
முன்னால் நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு
ககரத்துக்குப் பின்னால் போய்த்
துணைக்காலோடு முட்டிக்கொண்டு நின்றது.
போகுமிடம் என்று ஓர் ஊர்,
உலகத்தில் இல்லாத ஊர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் படித்துவிட்டார்.
"கொல்லம். வேற என்ன?
எங்க எழுத்திலயும் இதே கொம்புதானே,
இதே ஓட்டம்தானே. சாரமில்லா."
வண்டியை விட்டார்.
பதினொரு எம்பிக்குத் தெரியாததை
மலைக்கு அந்தப் பக்கத்துக் கண்
ஒரு நொடியில் கூட்டிக்கொண்டது.
எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும்.

அடுத்தது, அடுத்தது என்று நாற்பது வண்டி.
நாற்பத்தொன்றில் திரை வெளுத்தது.
பிறகு கறுத்தது.
பிறகு கைப்பேசி தன் பெயரை எழுதிக்கொண்டு
முதலிலிருந்து பிறந்தது.

நாற்பத்தொன்று சொள்ளமுத்துவின் வண்டி.
இறங்கி வந்தார், தலையில் சிமெண்ட் சாக்கு.
"என் சீட்டுலதான் கோளாறா தங்கச்சி?"
இல்லை அண்ணே என்றேன்.
அவர் நம்பவில்லை.
வரிசையில் எப்போதும் அவர் முறைக்குத்தான்
ஏதாவது ஆகிறதாம்.

பழம்பொரிக் கண்ணாடிப் பெட்டியின் மேல்
மடிக்கணினியை வைத்துத் தேடினேன்.
எண்ணெய்ச் சூடு விரலில் அடித்தது.
பின்னால் ஹாரன்கள். ஒருவர் என் அம்மாவை இழுத்தார்.
கிடைத்தது.
திறக்கச் சொல்லியிருக்கிறேன், வரையச் சொல்லியிருக்கிறேன்,
மூடச் சொல்லவே இல்லை.
காலையிலிருந்து நாற்பது பக்கம்
உள்ளே அகலத் திறந்து கிடந்திருக்கிறது,
அதன்மேல் நாற்பது மழை.

அது தானாக மூடிக்கொள்ளாதா என்று கேட்பீர்கள்.
வாடகைக்கு வந்தவருக்கு
நம் வீட்டுக் கதவு எது என்று எப்படித் தெரியும்?

ஒரு வரி. அரைப்புள்ளியோடு.
ஏற்றுவதற்குக் கைப்பேசியில் இடம் போதவில்லை.
ஷிபுலால் சார் யோசித்து
மைத்துனரின் கல்யாண வீடியோவை அழித்தார்,
வீட்டில் சொல்லிவிடாதே என்றார்.

தடுப்புக்கட்டை எழுந்தது.
சொள்ளமுத்து திரும்பிப் பார்க்காமல் போனார்.
கட்டை இறங்கியது.
ஒவ்வொரு வண்டிக்கும் அது இறங்குவதை
அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொம்பு இன்னும் பின்னால்தான் நிற்கிறது.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.